கணக்கில் அட்ஜஸ்ட்மென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன், பி.காம். மாணவர்களும், கடையில் கணக்கு எழுதுபவர்களும், கடை முதலாளிகளும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் இந்தத் தொகுப்பு. எடுத்துக்காட்டுகள் எல்லாமே மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும் தனியாள் வணிகத்துக்கானவை. வரி விதிகள் குறுக்கே வரும் இடங்களில் மட்டும் அவற்றைச் சொல்லியிருக்கிறோம்.

அட்ஜஸ்ட்மென்ட்னா, கணக்கு டேலி ஆகலைன்னா எதையாவது போட்டு சரிக்கட்டறதுதானே?

இல்லை. டேலி ஆகாத கணக்கைச் சரிசெய்வது பிழை திருத்தம். அது வேறு வேலை, கீழே தனியாக வருகிறது. அட்ஜஸ்ட்மென்ட், அதாவது சரிக்கட்டுப் பதிவு, நன்றாக டேலி ஆன கணக்குக்கும் தேவை.

ஏனென்றால் இருப்பாய்வில் (கடைகளில் ட்ரையல் பேலன்ஸ் என்பது) ஆண்டு முழுக்க எழுதியது மட்டும்தான் இருக்கும். எழுதாமல் விட்டது இருக்காது. மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் கொடுக்கப்படும். ஜூலையில் கட்டிய காப்பீட்டில் மூன்று மாதம் அடுத்த ஆண்டுக்கு உரியது. எந்திரம் ஓராண்டு தேய்ந்ததற்கு யாரும் பில் தருவதில்லை. ஒவ்வொரு செலவையும் வருமானத்தையும் அதற்கு உரிய ஆண்டில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் இந்தப் பதிவுகளின் வேலை. பணம் என்றைக்குக் கைமாறியது என்பது இங்கே முக்கியமில்லை.

ஒரு பதிவு சரிக்கட்டுப் பதிவா, சப்பைக்கட்டா என்று பார்க்க எளிய வழி: அதற்கு ஒரு காரணமும், ஒரு கணக்கீடும், ஒரு ஆதாரமும் காட்ட முடிகிறதா? முடிந்தால் சரிக்கட்டுப் பதிவு. "அட்ஜஸ்ட்மென்ட்" என்ற ஒரே சொல் மட்டும் விவரமாக எழுதப்பட்டிருந்தால் தணிக்கையாளர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட்டையும் ரெண்டு இடத்துல காட்டணும்னு சொல்றாங்க. எப்போ ஒரு இடம், எப்போ ரெண்டு இடம்?

இருப்பாய்வுக்கு வெளியே, கணக்கின் அடியில் தனியாகக் கொடுக்கப்பட்டது என்றால் இரண்டு இடம். இருப்பாய்வுக்கு உள்ளேயே இருந்தால் ஒரே இடம். காரணம் இரட்டைப் பதிவுதான். வெளியே இருப்பது இன்னும் எழுதப்படாத நடவடிக்கை. பற்றும் (டெபிட்) வரவும் (கிரெடிட்) நாம்தான் போட வேண்டும். உள்ளே இருப்பதற்கு இன்னொரு பக்கம் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது.

கொடுபட வேண்டிய சம்பளம் இருப்பாய்வின் வரவுப் பக்கத்தில் இருந்தால், சம்பளக் கணக்கில் அந்தத் தொகை ஏற்கெனவே கூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) பொறுப்பாக, அதாவது தர வேண்டிய கடனாக, காட்டினால் போதும். மறுபடி சம்பளத்தோடு கூட்டுவதுதான் தேர்வுத்தாளில் அதிகம் நடக்கும் தவறு. இருப்புநிலைக் குறிப்பு பொருந்தவில்லை என்றால் முதலில் இதைத் தேடுங்கள்.

மார்ச் வாடகையை ஏப்ரல் 5-ம் தேதிதான் கொடுத்தேன். அது எந்த வருஷக் கணக்கு?

மார்ச் மாதம் எந்த ஆண்டில் இருக்கிறதோ அந்த ஆண்டு. மாத வாடகை 12,000 ரூபாய், இருப்பாய்வில் 11 மாத வாடகை 1,32,000 மட்டும் இருக்கிறது என்றால், வாடகைக் கணக்கில் 12,000 பற்று, கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கில் 12,000 வரவு. இலாப நட்டக் கணக்குக்கு 1,44,000 போகும். இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்தில் 12,000 நிற்கும்.

மின்கட்டணத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்புகளுக்குப் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். மார்ச் 10-ல் ரீடிங் எடுத்திருந்தால், 11 முதல் 31 வரை ஓடியதற்கு பில் வந்திருக்காது. மார்ச் 31 மாலை மீட்டரைப் பார்த்து யூனிட்டைக் குறித்து வைத்தால் கணக்கீட்டுக்கு ஆதாரம் கிடைத்துவிடும். சிறிய கடைக்கு முந்தைய பில்லை நாள் கணக்கில் வகுத்தாலே போதும். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு மெனக்கெட வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் பிரீமியம் முழுசா கட்டியாச்சே, அப்புறம் ஏன் முழுசா செலவு எழுதக்கூடாது?

18,000 ரூபாய் பிரீமியத்தை ஜூலை 1-ல் ஓராண்டுக்குக் கட்டினால் மாதத்துக்கு 1,500. ஜூலை முதல் மார்ச் வரை 9 மாதம்: 13,500 இந்த ஆண்டுச் செலவு. ஏப்ரல், மே, ஜூன் 3 மாதம்: 4,500 முன்கூட்டிச் செலுத்திய செலவு; இருப்புநிலைக் குறிப்பில் சொத்து. முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கு பற்று, காப்பீட்டுக் கணக்கு வரவு.

மாதம் எண்ணுவதில்தான் தவறு வரும். அக்டோபர் 1-ல் கட்டியது என்றால் மார்ச் 31 வரை 6 மாதம். அக்டோபர் 31-ல் கட்டியது என்றால் 5 மாதம். பாலிசியில் உள்ள தொடக்கத் தேதிதான் கணக்கு, காசோலை கொடுத்த தேதி அல்ல.

மார்ச்சுல கொடுபட வேண்டியதுன்னு காட்டிட்டேன். ஏப்ரல்ல பணம் கொடுக்கும்போது எப்படி எழுதறது?

கடைக் கணக்குகளில் அதிகம் இடறும் இடம் இது. மூன்றாம் கேள்வியில் பார்த்த 12,000 வாடகையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 5-ல் பணம் கொடுக்கும்போது வழக்கம்போல "வாடகைக் கணக்கு பற்று" என்று எழுதினால் அந்தப் புதிய ஆண்டில் 13 மாத வாடகை செலவாகிவிடும். பழைய ஆண்டில் எழுதிய பொறுப்பு 12,000 தீராமல் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வழி இரண்டு. ஒன்று, பணம் கொடுக்கும்போது நேராகக் கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கைப் பற்று வைப்பது. மற்றது, ஏப்ரல் 1-லேயே எதிர்ப்பதிவு போட்டுவிடுவது: கொடுபட வேண்டிய வாடகை பற்று, வாடகை வரவு. அன்றைக்கு வாடகைக் கணக்கில் 12,000 வரவு மீதி விசித்திரமாகத் தெரியும். ஏப்ரல் 5-ல் வழக்கமான பதிவு போட்டதும் அது சுழியாகிவிடும். பில் போடுபவர் ஒருவர், ஆண்டுக் கணக்கு முடிப்பவர் வேறொருவர் என்றால் இரண்டாவது வழிதான் பாதுகாப்பு. பில் போடுபவர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

டேலி மென்பொருளில் மார்ச் 31 சரிக்கட்டுப் பதிவும் ஏப்ரல் 1 எதிர்ப்பதிவும் ஜர்னல் வவுச்சர், எஃப்7. தேதியை மாற்ற மறந்து எதிர்ப்பதிவையும் மார்ச் 31-லேயே போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். எதுவும் செய்யாதது போலாகிவிடும்.

வருமானத்துக்கும் இதே மாதிரிதானா?

இதே மாதிரிதான், பக்கம் மட்டும் மாறும். சேர்ந்தும் கைக்கு வராத வட்டி கூடியுள்ள வருமானம்: சொத்து. வாடகைக்கு விட்ட இடத்துக்கு ஏப்ரல் வாடகையை மார்ச்சிலேயே வாங்கியிருந்தால் முன்கூட்டிப் பெற்ற வருமானம்: பொறுப்பு. கையில் பணம் இருக்கும்போது அது எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்பார்கள். ஏப்ரல் மாதம் இடத்தைத் தர வேண்டிய கடமை நம் மேல் இருக்கிறதே, அதுதான்.

ஸ்டாக்கை எந்த விலைக்குப் போடணும்? இப்போ மார்க்கெட்ல விலை ஏறியிருக்கே.

அடக்க விலை, விற்றால் கைக்கு வரக்கூடிய நிகர விலை, இரண்டில் எது குறைவோ அது. கணக்கியல் தரநிலை 2 சொல்வதும் இதுதான். அடக்கம் 1,48,000, சந்தையில் 1,52,000 என்றால் 1,48,000. ஏறிய 4,000 விற்ற பிறகுதான் லாபம். அடக்கம் 1,48,000, சந்தையில் 1,40,000 என்றால் 1,40,000. இறங்கிய நட்டத்தை இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். மொத்தத்துக்கு ஒரே ஒப்பீடாகச் செய்யாமல் சரக்குவாரியாகப் பாருங்கள். ஒரு சரக்கின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தை மறைத்துவிடும்.

அடக்க விலையில் ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் சேரும். உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கும் ஜி.எஸ்.டி. சேராது. வரவு எடுக்க முடியாத ஜி.எஸ்.டி. சேரும்.

மார்ச் 31 அன்னைக்கு எண்ண முடியலை, ஏப்ரல் 3 ராத்திரிதான் ஸ்டாக் எடுத்தோம். பரவாயில்லையா?

பரவாயில்லை, பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஏப்ரல் 3 இரவு எண்ணியது அடக்க விலையில் 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று நாளில் வந்த சரக்கு 25,000. அது மார்ச் 31-ல் இல்லை, கழிக்கவும். இதே மூன்று நாளில் விற்றது 40,000. அந்தச் சரக்கு மார்ச் 31-ல் இருந்தது, கூட்டவும். ஆனால் 40,000 விற்பனை விலை. விற்பனையில் 20 விழுக்காடு லாபம் என்றால் அடக்கம் 32,000. ஆக 2,10,000 – 25,000 + 32,000 = 2,17,000.

விற்பனை விலையை அப்படியே கூட்டினால் 2,25,000 வரும்; இல்லாத 8,000 லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். மூன்று நாளில் வந்த விற்பனைத் திருப்பம், கொள்முதல் திருப்பம் இரண்டையும் மறக்கக்கூடாது.

இறுதிச் சரக்கிருப்பு ட்ரையல் பேலன்ஸுக்குள்ளேயே இருக்கு. வியாபாரக் கணக்குல போடலாமா?

போடக்கூடாது. இறுதிச் சரக்கிருப்பு உள்ளே வந்திருக்கிறது என்றால் கொள்முதலில் ஏற்கெனவே கழித்துவிட்டார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட கணக்கில் பெரும்பாலும் "சரிக்கட்டப்பட்ட கொள்முதல்" என்று இருக்கும்: தொடக்கச் சரக்கிருப்பு + நிகரக் கொள்முதல் – இறுதிச் சரக்கிருப்பு. இரண்டாம் கேள்வியின் விதி இங்கும் அதேதான்; இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் காட்டவும்.

தேய்மானம் முழு வருஷத்துக்கா, வாங்கின நாள்லேருந்தா?

புத்தகக் கணக்கில் வாங்கி, பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து. 80,000 ரூபாய் எந்திரம் அக்டோபர் 1-ல் வந்தது, 10 விழுக்காடு தேய்மானம் என்றால் 6 மாதத்துக்கு 4,000. தேர்வில் வாங்கிய தேதி தரவில்லை என்றால் முழு ஆண்டுக்கும் போடுங்கள். "ஆண்டுக்கு 10%" என்று சொல்லாமல் "10% தேய்மானம் நீக்குக" என்று இருந்தால், எத்தனை மாதத்துக்குப் போட்டீர்கள் என்ற அனுமானத்தை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

வருமான வரிக்கு மாதக் கணக்கு கிடையாது, நாள் கணக்கு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம், இல்லாவிட்டால் முழு விகிதம். பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில் அக்டோபர் 3-ல் ஓடத் தொடங்கிய எந்திரத்துக்கு மார்ச் 31 வரை சரியாக 180 நாள், முழுத் தேய்மானம். அக்டோபர் 4 என்றால் 179, பாதி. பொது எந்திரங்களுக்கு 15%, கணினிக்கு 40%, அறைகலனுக்கு 10% என்பது வரி விகிதம். புத்தகத்தில் ஒன்று, வரிக் கணக்கில் இன்னொன்று என்று இருப்பது தவறே இல்லை. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்புவதுதான் தவறு.

வாராக்கடன் உள்ளேயும் இருக்கு, வெளியேயும் இருக்கு, பழைய ஒதுக்கும் இருக்கு. எதை எதுல கழிக்கறது?

கேட்பவர் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரே கணக்கில் நான்கு அட்ஜஸ்ட்மென்ட் அடுக்கியிருக்கும். எண்களோடு பார்ப்போம். இருப்பாய்வில் பற்பல கடனாளிகள் 2,06,000, வாராக்கடன் 3,000, வாரா ஐயக்கடன் ஒதுக்கு (வரவு) 8,000. வெளியே: மேலும் 6,000 வாராக்கடன் போக்கெழுதுக (இனி வராது என்று கணக்கிலிருந்து நீக்குக), 5% ஐயக்கடன் ஒதுக்கு (வராமல் போகலாம் என்று ஒதுக்கி வைப்பது), 2% தள்ளுபடி ஒதுக்கு.

முதலில் கடனாளிகள். உள்ளே இருக்கும் 3,000 ஏற்கெனவே கடனாளிகளிடமிருந்து கழிக்கப்பட்டுவிட்டது, தொடாதீர்கள். வெளியே உள்ள 6,000-ஐக் கழித்தால் 2,00,000. அதில் 5% = 10,000; மீதி 1,90,000. தள்ளுபடி ஒதுக்கு 2,00,000-க்கு அல்ல, 1,90,000-க்கு: 3,800. பணமே வராது என்று ஐயப்படும் ஆளுக்குத் தள்ளுபடி தரப்போவதில்லை அல்லவா? இருப்புநிலைக் குறிப்பில் நிற்பது 1,86,200.

இப்போது இலாப நட்டக் கணக்கு: 3,000 + 6,000 + புதிய ஒதுக்கு 10,000 – பழைய ஒதுக்கு 8,000 = 11,000. தள்ளுபடி ஒதுக்கு 3,800 தனியாக. வரிசை முக்கியம்: போக்கெழுதுவது முதலில், ஐயக்கடன் இரண்டாவது, தள்ளுபடி கடைசி. வரிசை மாறினால் மூன்று எண்ணும் தப்பாகும்.

போக்கெழுதின பார்ட்டி திடீர்னு பணம் கொண்டு வந்து கொடுத்துட்டார். அவர் கணக்குல வரவு வைக்கலாமா?

வேண்டாம். அவர் கணக்கு முன்பே முடிந்துவிட்டது. அங்கே வரவு வைத்தால் நாம் அவருக்குக் கடன்பட்டதுபோல் காட்டும். வசூலான வாராக்கடன் கணக்கில் வரவு வையுங்கள். அது வருமானம்.

கடைச் சரக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம், கொஞ்சம் சாம்பிளாவும் கொடுக்கறோம். விற்பனையா எழுதலாமா?

இரண்டுமே விற்பனை இல்லை. இரண்டிலும் கொள்முதல் கணக்கை அடக்க விலையில் வரவு வையுங்கள். வீட்டுக்குப் போனது எடுப்புகள், முதலிலிருந்து (மூலதனத்திலிருந்து) கழியும். சாம்பிள் விளம்பரச் செலவு. இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இதோடு ஜி.எஸ்.டி. வேலையும் உண்டு: இலவச சாம்பிளுக்கும், சொந்த உபயோகத்துக்கு எடுத்ததற்கும் எடுத்த உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டும். அந்தத் தொகையும் முறையே விளம்பரத்திலும் எடுப்பிலும் சேரும்.

மளிகைக் கடைகளில் இதை எழுதாமல் விட்டுவிட்டு, ஆண்டுக் கடைசியில் சரக்கு குறைகிறது, பையன்கள் எடுக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது சகஜம். ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து மாதக் கடைசியில் ஒரே பதிவாகப் போட்டால் போதும்.

தீ விபத்துல போன சரக்குக்கு இன்ஷூரன்ஸ் முழுசா தரலை. நட்டம் எங்கே போகும்?

40,000 சரக்கு எரிந்தது, நிறுவனம் 30,000 ஏற்றுக்கொண்டது என்றால் வியாபாரக் கணக்கின் வரவில் முழு 40,000 வரும். இல்லாவிட்டால் மொத்த லாபம் காரணமின்றிக் குறையும். 30,000 காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது, சொத்து. மீதி 10,000 இலாப நட்டக் கணக்கில் நட்டம். "ஏற்றுக்கொண்டது" என்றால் பணம் வந்திருக்க வேண்டியதில்லை. காப்பீடே இல்லை என்றால் 40,000-மும் நட்டம்.

தேர்வுக்கு இதோடு முடிந்தது. கடைக்கு முடியவில்லை. அழிந்த, திருடுபோன, தொலைந்த சரக்கின் உள்ளீட்டு வரவை ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) அனுமதிப்பதில்லை. 18% சரக்கு என்றால் 7,200-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் நட்டம்தான். காப்பீட்டுக்கு மனு போடும்போதே இந்த 7,200-ஐச் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம். சர்வே முடிந்த பிறகு கேட்டால் எழுத்துப் போர்தான்.

பிடிச்சா வெச்சுக்கோங்க, இல்லைன்னா திருப்பிடுங்கன்னு அனுப்பின சரக்கை விற்பனைன்னு எழுதிட்டோம். இப்ப மார்ச் 31, பார்ட்டி இன்னும் பதில் சொல்லலை.

இன்னும் விற்பனை ஆகவில்லை. அனுப்பியது 15,000 விற்பனை விலையில் என்றால் விற்பனையிலும் கடனாளியிலும் 15,000-ஐக் கழிக்க வேண்டும். சரக்கு நம்முடையது, ஆகவே இறுதிச் சரக்கிருப்பில் சேர்க்க வேண்டும். ஆனால் அடக்க விலையில். ஒரே அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு நான்கு இடம் மாறும்: விற்பனை, கடனாளி, வியாபாரக் கணக்கில் சரக்கு, இருப்புநிலைக் குறிப்பில் சரக்கு.

அடக்க விலையில்தான் கண்ணி. "அடக்கத்தின் மேல் 25% லாபம்" என்றால் அடக்கம் 15,000 × 100/125 = 12,000. "விற்பனையின் மேல் 25% லாபம்" என்றால் 15,000 × 75/100 = 11,250. கேள்வியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஐயக்கடன் ஒதுக்கும் அதே கணக்கில் இருந்தால், இந்த 15,000-ஐக் கழித்த பிறகுதான் ஒதுக்கு கணக்கிட வேண்டும்.

முதல் மீதான வட்டி, எடுப்பு மீதான வட்டி... தேதி கொடுக்கலைன்னா என்ன பண்றது?

முதலுக்குத் தேதி இருந்தால் பிரித்துக் கணக்கிடுங்கள். முதல் 5,00,000, அதில் 1,00,000 அக்டோபர் 1-ல் போட்டது, வட்டி 6%. 4,00,000-க்கு 24,000, மீதிக்கு ஆறு மாதத்துக்கு 3,000, மொத்தம் 27,000. தேதி இல்லாவிட்டால் முழு ஆண்டு.

எடுப்புக்குத் தேதி இல்லாவிட்டால் சராசரியாக 6 மாதம். மாதாமாதம் ஒரே தொகை எடுத்தால், மாதத் தொடக்கம் 6½ மாதம், நடு 6, கடைசி 5½. மாதம் 2,000 வீதம் 24,000-க்கு 6% என்றால் முறையே 780, 720, 660.

மேனேஜருக்கு லாபத்துல 10% கமிஷன். கமிஷனைக் கழிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

ஒப்பந்தத்தில் இருப்பதுபோல. கமிஷனுக்கு முந்தைய லாபம் 66,000 என்றால், முன் எனில் 6,600. பின் எனில் 66,000 × 10/110 = 6,000. சரிபார்க்க: 60,000-இல் 10% 6,000. மற்ற எல்லா அட்ஜஸ்ட்மென்ட்டும் முடிந்த பிறகுதான் இதற்குக் கை வைக்க வேண்டும். நடுவில் போட்டால் திரும்பப் போட வேண்டிவரும்.

டேலியில பார்ட்டி பேலன்ஸ் சரியா இருக்கு, ஆனா பாக்கி லிஸ்ட்ல அடைச்ச பில்லெல்லாம் இன்னும் நிக்குது. ஏன்?

இது பில் அட்ஜஸ்ட்மென்ட். லாபத்தோடு தொடர்பு இல்லாதது. ரசீது போடும்போது எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் "ஆன் அக்கவுண்ட்" என்று விட்டிருப்பார்கள், அல்லது "அகெயின்ஸ்ட் ரெஃப்" (இருக்கும் பில்லுக்கு எதிராக) கொடுக்க வேண்டிய இடத்தில் "நியூ ரெஃப்" (புதிய பில்) கொடுத்திருப்பார்கள். மொத்த மீதி சரியாக இருக்கும், பில்லுக்குப் பில் ஒட்டாது. அந்த ரசீதைத் திறந்து "அகெயின்ஸ்ட் ரெஃப்" தேர்ந்து உரிய பில் எண்ணில் ஒட்டுங்கள். முன்பணத்தை "அட்வான்ஸ்" என்றே பதிவு செய்து, பில் போடும்போது அதற்கு எதிராக ஒட்டினால் இந்தத் தொல்லை வராது.

இதை வெறும் அழகு வேலை என்று நினைக்க வேண்டாம். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் தராத பில்லின் உள்ளீட்டு வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 37. எந்த பில் அடைந்தது என்றே தெரியாத பாக்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

அவர் எனக்கு 50,000 தரணும், நான் அவருக்கு 35,000 தரணும். நேர் பண்ணிக்கலாமா?

சரக்குக் கணக்கு என்றால் நேர் செய்யலாம்: கடனீந்தோராக உள்ள அவர் கணக்கைப் பற்று, கடனாளியாக உள்ள அவர் கணக்கை வரவு, 35,000. அவரும் அதே தேதியில் அதே தொகையை எழுத வேண்டும். எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சில் நேர் செய்தால் அடுத்த ஆண்டு இரண்டு பேர் புத்தகமும் இரண்டு கதை சொல்லும். பணம் கைமாறவில்லை என்பதற்காக டி.டி.எஸ். (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்காமல் விட முடியாது. அது பில்லை வரவு வைக்கும் நாளிலேயே வந்துவிடும்.

கைமாற்றுக் கடனை இப்படி ஜர்னலில் தீர்ப்பது வேறு சங்கதி. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன்களை வங்கி வழியாகத்தான் வாங்கவும் திருப்பவும் வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்வதால் அங்கே ஆடிட்டரைக் கேட்காமல் பதிவு போடாதீர்கள்.

ட்ரையல் பேலன்ஸ் 2,700 ரூபாய் இடிக்குது. அனாமத்துல போட்டு முடிச்சிடலாமா?

தேடிப் பார்த்த பிறகு, தற்காலிகமாக. வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா பாருங்கள்; 2,700 ÷ 9 = 300, மீதியில்லை. இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 5,200-ஐ 2,500 என்று எழுதினால் வருவது இதே 2,700. வகுபடவில்லை என்றால் பாதியைத் தேடுங்கள். பக்கம் மாறி எழுதிய தொகையாக இருக்கலாம். அதிலும் கிடைக்கவில்லை என்றால் அதே தொகை முழுதாக எங்காவது எடுத்து எழுத விட்டுப்போயிருக்கும். மென்பொருளில் இந்த வகைப் பிழைகள் வராது. அங்கே இடித்தால் பெரும்பாலும் தொடக்க மீதியில்தான் கோளாறு.

கிடைக்காததை அனாமத்துக் கணக்கில் (சஸ்பென்ஸ் அக்கவுண்ட்) வைக்கலாம். பிழை கிடைத்ததும் அங்கிருந்து எடுக்க வேண்டும். அதைச் செலவில் தள்ளி மூடினால் பிழை தீராது, மறையும். கல்லாவில் குறையும் 40, 50 ரூபாய் விஷயம் வேறு. அதை ரொக்கக் குறைவு என்று பெயர் சொல்லியே அன்றன்று செலவெழுதலாம்.

போன வருஷம் 30,000 கமிஷன் எழுத விட்டுப்போச்சு. அந்த வருஷக் கணக்கைத் திறந்து சேர்த்துடலாமா?

கையெழுத்தாகி, வரிக்கணக்கும் தாக்கலான பிறகு பழைய புத்தகத்தைத் திறக்கக்கூடாது. இந்த ஆண்டில் "முந்தைய காலச் செலவு" என்று தனி வரியாகக் காட்டுங்கள்; கணக்கியல் தரநிலை 5 கேட்பதும் அதுதான். இந்த ஆண்டுக் கமிஷனோடு கலந்தால் இரண்டு ஆண்டும் தப்பாகத் தெரியும். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள் கட்டாயம் என்பதால், பின்தேதியிட்ட திருத்தம் யார், எப்போது செய்தார் என்பதோடு கிடக்கும்.

விற்பனை பில்லில் விலையோ வரியோ கூடுதலாகப் போட்டது என்றால் கிரெடிட் நோட்டு (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்). அதை வைத்து ஜி.எஸ்.டி.யைக் குறைத்துக்கொள்ள, ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். ஆண்டுக் கணக்குப் படிவத்தை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அந்த நாள்வரை.

கொடுபட வேண்டியதுன்னு ஒழுங்காத்தான் எழுதினேன். ஆடிட்டர் அதை வருமானத்துல திரும்பச் சேர்த்துட்டாரே?

உங்கள் பதிவு சரி. அவர் செய்ததும் சரி. ஜி.எஸ்.டி., வங்கி வட்டி, போனஸ், முதலாளி தரப்பு பி.எஃப். போன்ற சில பாக்கிகளைப் புத்தகத்தில் எழுதினால் மட்டும் வரிக்கு ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்; வரிக்கணக்குத் தாக்கலின் கெடு நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இது 43பி பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டுச் சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு.

குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி இதைவிடக் கறார். 2023–24 நிதியாண்டிலிருந்து, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாக ஏற்பார்கள். தாக்கல் கெடு வரை என்ற சலுகை இங்கே இல்லை. ஆகவே மார்ச் மூன்றாம் வாரத்தில் பாக்கிப் பட்டியலை எடுத்து, சப்ளையர்களின் உத்யம் சான்றிதழைப் (குறு, சிறு நிறுவனப் பதிவுச் சான்று) பக்கத்தில் வைத்து, 15 அல்லது 45 நாள் கெடுவைத் தாண்டியவற்றுக்கு மார்ச் 31-க்குள் பணம் அனுப்பிவிடுங்கள். பட்டியலில் பில்கள் சரியாக ஒட்டப்பட்டிருந்தால் அரை மணி நேர வேலை.